அக்காவைக் குளிப்பாட்ட வேண்டாமாம்

பின்கட்டுல திரை கட்டி, பலகையைத் தேய்ச்சுக் கழுவி, ரெண்டு அண்டா தண்ணியைக் காய வெச்சுட்டு நிக்கிறேன். அப்பதான் எங்க ஜமாஅத் தலைவர் நடுவீட்டுல நின்னுக்கிட்டு சொல்றாரு, "குளிப்பாட்ட வேண்டாம் தங்கச்சி"ன்னு. யாரை? எங்க அக்காவை. யார்கிட்ட சொல்றாரு? என்கிட்ட!

அக்கான்னா கூடப் பொறந்தவ இல்லை. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் பெண்டாட்டி. ஓரகத்திங்க ரெண்டு பேர் ஒரே அடுப்புல சமைச்சா என்னென்ன நடக்குமோ அதெல்லாம் எங்க வீட்டுலயும் நடந்துச்சு. உப்பு கூடினதுக்குச் சண்டை, கொடியில அவ துணியை ஓரமாத் தள்ளிட்டு என் துணியைப் போட்டதுக்குச் சண்டை. மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவோம். ஆனா வெளியாள் ஒருத்தி அவளைப் பத்தி அரை வார்த்தை பேசட்டும், நான் சும்மா விட்டதே இல்லை. அவளும் அப்படித்தான்.

எங்களைச் சேர்த்து வெச்சது எங்க வேலை. ஊர்ல பொம்பளை மய்யித்து விழுந்தா குளிப்பாட்டறது நாங்க ரெண்டு பேரும்தான். அவ தலைமாட்டுல, நான் கால்மாட்டுல. நான் ஊத்துவேன், அவ தேய்ப்பா. மேல போர்த்தின துணி விலகாம, அடியில கையை விட்டு, பச்சைப் பிள்ளையைக் கழுவற மாதிரி கழுவுவா. திரைக்குள்ள பார்த்ததை வெளியில பேசவே கூடாது. ஊர் வம்பையெல்லாம் மென்னு துப்பற என் வாய்கூட அந்த விஷயத்துல மட்டும் பூட்டு போட்டுக்கும்.

எங்க ஊர்ல ஜமாஅத் ரெண்டு. எதுக்குப் பிரிஞ்சீங்கன்னு கேட்டா ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. எல்லாத்தையும் கிளறிப் பார்த்தா எவரோ எவருக்கோ சலாம் சொல்லாம போனதுல வந்து நிக்கும். இந்தப் பள்ளிவாசல்காரங்க அந்தப் பள்ளி வாசப்படியை மிதிக்க மாட்டாங்க, அவங்க வீட்டுக் கல்யாணத்துல கை நனைக்க மாட்டாங்க. ஆனா வீட்டுல பொம்பளை ஒருத்தி கண்ணை மூடினா ரெண்டு பக்கமும் எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டணும். வேற ஆள் ஏது? "உசிரோட இருக்கறவங்களுக்குத்தான்டி ரெண்டு ஜமாஅத்து, செத்தவங்களுக்கு நாம ஒரே ஜமாஅத்து"ன்னு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

ஒரு தடவை வேலை முடிஞ்சு கை கழுவும்போது சொன்னா: "நான் முன்னாடி போனா நீதான்டி என்னைக் குளிப்பாட்டணும். வேற எவ கையும் என் மேல படக் கூடாது, சொல்லிட்டேன்." "நான் முன்னாடி போயிட்டா?"ன்னு கேட்டேன். "நீயா? உன் வாய்க்கு பயந்துக்கிட்டு உசிரெடுக்கற மலக்கு தெருமுனையோட திரும்பிப் போயிடுவாரு. நீ இருப்படி நூறு வருஷம்"னா. சிரிச்சேன். ஆனா சரின்னு கையில அடிச்சுக் கொடுத்தேன்.

அன்னிக்குக் காலையில அவ தர்காவுக்குப் போயிருந்தா. அங்கே பொம்பளைங்க பக்கத்தைக் கூட்டித் துடைக்கறது யாரும் சொல்லாம அவளா எடுத்துக்கிட்ட வேலை. ஊர்ல எல்லாரும் வர்ற இடம் அது ஒண்ணுதான். ரெண்டு ஜமாஅத்தும் வருவாங்க, நம்ம மார்க்கத்துல இல்லாதவங்களும் பிள்ளைக்கு உடம்பு சுடுதுன்னா தூக்கிக்கிட்டு அங்கேதான் ஓடி வருவாங்க. அந்த இடத்துல போய் எந்தப் பாவியோ குண்டு வெச்சுட்டான்.

நான் துணி அலசிக்கிட்டு இருந்தேன். சத்தத்துல கையில இருந்த வாளி ஆடுச்சு. ஈரக் கையோட ஓடினேன். தெருமுனையிலயே போலீஸ் கயிறு கட்டி மறிச்சுட்டாங்க. "எங்க அக்கா உள்ளே இருக்கா, விடுங்கய்யா"ன்னு கெஞ்சினேன், கத்தினேன், ஒருத்தர் சட்டையைக்கூடப் பிடிச்சேன். நடக்கலை. குவிமாடம் ரெண்டா பிளந்து கிடந்தது அங்கே இருந்தே தெரிஞ்சுது. பொம்பளைங்க பக்கத்துச் சுவர் நின்ன இடத்துல வெறும் வானம்தான் இருந்துச்சு. காயம் பட்டவங்க நிறைய பேர். செத்தது ஒருத்திதான்.

யார் செஞ்சான்னு இன்னி வரைக்கும் தெரியாது. ஆனா அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஊர் தீர்ப்பு சொல்லிடுச்சு. எங்க தெருப் பசங்க ஒரு பேர் சொன்னாங்க, அடுத்த தெருவுல வேற பேர். கடை ஷட்டரெல்லாம் இறங்கிடுச்சு. எங்க வீட்டு மாடியில நின்னு பார்த்தேன், முனையில ஒரு ஆட்டோவை நிறுத்தி, ஓட்டினவன் பேரைக் கேட்டுட்டு, முன்கண்ணாடியை உடைச்சாங்க. உடைச்சவன் வேற யாருமில்லை, நான் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டுப் பையன். "டேய்"னு கத்தினேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

எங்க பள்ளிவாசல் மைக்குல இமாம் ஹஜ்ரத் குரல் வந்துச்சு. எப்பவும் பதறாத மனுஷன், அன்னிக்குப் பதறினாரு. "நம்ம சகோதரி அந்த இடத்திலேயே அநியாயமா உயிரைக் குடுத்து ஷஹீதாயிட்டாங்க. யாரும் கையை ஓங்காதீங்க. ரெண்டு ஜமாஅத்தும் சேர்ந்துதான் அடக்கம் செய்யப் போறோம். எல்லா மார்க்கத்துப் பெரியவங்களும் சதுக்கத்துக்கு வர்றாங்க. எல்லாரும் ஒத்துமையா நில்லுங்க."

அக்காவைக் கொண்டு வந்தாங்க. பெரிய மனுஷங்க ஆஸ்பத்திரியில பேசி, மேலால பார்த்து எழுதிக்கிட்டா போதும்னு அறுக்காம வாங்கிட்டாங்க. அது மட்டும் ஒரு ஆறுதல். போர்வையை விலக்கினேன். காலையில உடுத்திக்கிட்டுப் போன அதே சேலை. தலைமுடி, புருவம், இமை எல்லாம் சுண்ணாம்புத் தூசி. ஒரே நாள்ல நரைச்சுப் போன மாதிரி இருந்தா. எனக்கு அழுகையே வரலை. இவளை முதல்ல கழுவணும், அப்புறம் அழுதுக்கலாம்னுதான் தோணுச்சு. நேரா பின்கட்டுக்குப் போய் அடுப்பைப் பத்த வெச்சேன்.

அந்த நேரத்துலதான் தலைவர் வந்து அப்படிச் சொன்னது. கூடவே ஹஜ்ரத்.

"ஏன் வேண்டாம்?"ன்னு கேட்டேன்.

"ஷஹீதானவங்களைக் குளிப்பாட்டறதில்லைம்மா. ரத்தத்தோட, உடுத்தின துணியோட அடக்கம் பண்றதுதான் அவங்களுக்கு மரியாதை"ன்னாரு தலைவர்.

"அது போர்ல செத்தவங்களுக்குன்னுதானே நம்ம பள்ளியில சொல்லிக் கொடுத்திருக்கு? எங்க அக்கா போருக்கா போனா? துடைப்பத்தை எடுத்துக்கிட்டுப் போனா!"

தலைவருக்கு முகம் சுண்டிப் போச்சு. ஹஜ்ரத்தான் மெதுவா எடுத்துச் சொன்னாரு. "நம்ம மார்க்கச் சட்டக் கிதாபுப்படி நீ சொல்றது சரி, குளிப்பாட்டணும். அந்த ஜமாஅத் கிதாபுப்படி, அநியாயமா கொல்லப்பட்டு அந்த இடத்திலேயே உயிர் போனவங்களைக் குளிப்பாட்டக் கூடாது. மத்தியானம் ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினோம். அடக்கத்துலயே அடிச்சுக்கிட்டா வெளியில யார்கிட்டப் போய் ஒத்துமை பேசறதுன்னு, அவங்க சொன்னதை நான் ஒத்துக்கிட்டேன். இத்தனை வருஷத்துல ரெண்டு ஜமாஅத்தும் ஒரு விஷயத்துல ஒண்ணாத் தலையாட்டினது இதுதாம்மா முதல் தடவை."

தலையாட்டறதுக்கு இவங்களுக்கு எங்க அக்காதான் கிடைச்சாளா? "அவ கேட்டுக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. நான் குளிப்பாட்டணும்னு. நான் கையில அடிச்சுக் கொடுத்திருக்கேன்"னேன். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தாரு. பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணணுமாம், அதுக்கு முன்னாடி ஜனாஸாவைத் தூக்கிட்டு சதுக்கத்துக்குப் போகணுமாம்.

மச்சான், அதான் அக்கா வீட்டுக்காரர், தையல் மெஷின் பக்கத்துல ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தாரு. ஊசியில நூல் கோர்த்தபடி பாதியில விட்ட சட்டை ஒண்ணு அவர் மடியில. "மச்சான், நீங்க சொல்லுங்க"ன்னேன். நிமிர்ந்து பார்த்தாரு. அவர் காதுல எதுவும் ஏறலை. என் வீட்டுக்காரர் லாரியோட எங்கேயோ மாட்டிக்கிட்டு இருந்தாரு, ரோடெல்லாம் அடைப்பு. எனக்காகப் பேச ஒரு நாதி இல்லை.

பின்கட்டுக்கு வந்து அடுப்பை அணைக்கப் போனேன். பின்வாசல் கதவை யாரோ விரலால தட்டற சத்தம். திறந்தா ராக்கெட்.

ராக்கெட் ஆட்டோ ஓட்டறவன். எறும்பு முந்திக்கிட்டுப் போற வேகத்துல ஓட்டுவான், அதனால ஊரே வெச்ச பேர் அது. நம்ம ஆளு இல்லை, வேற மார்க்கம். ஆனா மய்யித்து வீட்டுக்கு எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றது எப்பவும் அவன்தான். சட்டையெல்லாம் காய்ஞ்ச ரத்தம். ஆட்டோவை வீட்டுல போட்டுட்டு சந்து சந்தா நடந்து வந்திருக்கான்.

"சின்னக்கா, பெரியக்காவை நான்தான் ஏத்திட்டுப் போனேன்"னான்.

"ஏத்திட்டுப் போனியா? அந்த இடத்திலேயே உசிர் போச்சுன்னாங்களே!"

"யார் சொன்னா? வழியெல்லாம் மறிச்சுட்டாங்க சின்னக்கா. பாலத்துக்குக் கீழ வண்டி நகரவே இல்லை. ஆரன் அடிச்சேன், இறங்கி ஓடிக் கையெடுத்துக் கும்பிட்டேன், ஒருத்தனும் வழி விடலை. அவங்க முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. 'தண்ணி குடுப்பா'ன்னு கேட்டாங்க. என் பாட்டில்ல இருந்து குடுத்தேன். குடிச்சாங்க. பேசினாங்க."

"என்ன பேசினா?"

"கொடியில துணி காயுது, மழை வந்தா எடுக்கச் சொல்லு அவளைன்னாங்க. உங்களைத்தான். அப்புறம் கொஞ்ச நேரம் உதடு அசைஞ்சுது, ஓதினாங்கன்னு நினைக்கிறேன். ஆஸ்பத்திரி வாசல்ல நான் திரும்பிப் பார்க்கும்போது…" குத்த வெச்சு உட்கார்ந்துட்டான்.

அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு. சாகற நேரத்துலயும் துணியை எடுக்கச் சொல்லி அதிகாரம் பண்ணிட்டுப் போயிருக்கா பாருங்க! முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன். அவனைத் திரைக்குப் பின்னால உட்கார வெச்சுட்டு, ஹஜ்ரத்தை மட்டும் அடுப்படி வாசலுக்குக் கூப்பிட்டேன்.

சொன்னேன்.

"தண்ணி குடிச்சாங்களா? நிச்சயமா?"

"குடிச்சா. பேசினா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உசிர் இருந்துச்சு."

"அப்படின்னா குளிப்பாட்டாம விட அவங்க கிதாபுலயே இடம் இல்லைம்மா. அடிபட்ட பிறகு தண்ணி குடிச்சிருந்தா, அதுக்கு மேல வாழ்ந்திருந்தா, குளிப்பாட்டித்தான் அடக்கணும். ரெண்டு கிதாபுப்படியும் குளிப்பாட்டணும்."

"அப்புறம் என்ன ஹஜ்ரத்? தண்ணி சூடா இருக்கு. சீக்கிரம் முடிச்சுடறேன்"னு கையை முழங்கை வரைக்கும் ஏத்திக்கிட்டேன்.

அவர் அசையலை.

"அந்த இடத்திலேயேன்னு மைக்குல சொன்னது நான். விசாரிக்காம சொல்லிட்டேன். கூட்டம் கொதிக்குது, ஏதாவது சொல்லி நிறுத்தணும்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்"னாரு. "இப்ப குளிப்பாட்டினா வெளியில நிக்கறவங்க கேட்பாங்க, ஷஹீது இல்லையான்னு. ஷஹீதுதான், ஆனா தண்ணி குடிச்சாங்கன்னு சொல்லணும். யார் குடுத்தது, யார் ஏத்திட்டுப் போனது, அவ்வளவு நேரம் உயிர் இருந்தும் ஏன் காப்பாத்தலைன்னு கேட்பாங்க. அவன் பேரைச் சொல்லணும்."

நான் திரைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"காலையில தர்கா பக்கம் வெளியாள் ஆட்டோ நின்னுச்சுன்னு ஏற்கெனவே ஒரு பேச்சு ஓடுதும்மா. அவன் ஓட்டற வேகமும் ஊருக்கே தெரியும். வேணும்னே மெதுவா ஓட்டினான்னு ஒருத்தன் சொன்னா போதும். ராத்திரிக்குள்ள அவன் வீடு இருக்காது." அப்புறம், "நீ சொல்லச் சொன்னா நான் போய்ச் சொல்றேன். மைக் இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு. உன் அக்கா, உன் உரிமை"ன்னாரு.

எவ்வளவு நல்ல மனுஷன் பாருங்க, முடிவை என் தலையில கட்டிட்டாரு! அவரை நல்லாக் கேட்கணும்னு நாக்கு துடிச்சுது. ஆனா அவர் கண்ணு கலங்கி நிக்கிறாரு, அந்த ஆளைத் திட்டி என்ன பண்ண?

நாங்க பேசினதெல்லாம் ராக்கெட் காதுல விழுந்திருக்கு. திரையை விலக்கிட்டு எழுந்து நின்னான். "நான் வந்து சொல்றேன் சின்னக்கா. நான் குடுத்த தண்ணிதானே. நான் எதுக்குப் பயப்படணும்?"னான். ரத்தச் சட்டையோட அவனை வாசல்ல கொண்டு போய் நிறுத்தினா என்ன ஆகும்னு நினைச்சுப் பார்த்தேன். கண்ணாடி உடைச்ச அந்தப் பையன் மூஞ்சிதான் வந்து நின்னுச்சு. பால் சோறு ஊட்டின பையனையே என்னால தடுக்க முடியலையே. நான் ஒருத்தி கத்தி எத்தனை பேரைத் தடுக்க?

"உட்காருடா பேசாம"ன்னு அவன் தோளைப் பிடிச்சு அழுத்தினேன். அப்புறம் ஹஜ்ரத்தைப் பார்க்காமலே சொன்னேன்: "வேண்டாம். சொல்ல வேண்டாம். கொண்டு போங்க."

அவர் ஏதோ துஆ சொன்னாரு. எனக்கு அது தேவைப்படலை. உள்ளே போங்கன்னு கையைக் காட்டினேன்.

சந்தூக்கு வந்துச்சு. அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு ரெண்டு ஜமாஅத் ஆளுங்களும் ஒண்ணா எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சதை அன்னிக்குத்தான் பார்த்தேன். தோளோட தோள் இடிச்சுக்கிட்டு, ஒருத்தருக்கொருத்தர் வழி விட்டுக்கிட்டு, அழுதுக்கிட்டு. அக்கா இருந்திருந்தா என்னை முழங்கையால இடிச்சிருப்பா.

"முகத்தைப் பார்த்துக்கோங்க"ன்னு பொம்பளைங்களைக் கூப்பிட்டாங்க. குனிஞ்சேன். இமையில அந்தச் சுண்ணாம்புத் தூசி அப்படியே இருக்கு. ஊர்ல எத்தனை பொம்பளைங்க முகத்தை இவ துடைச்சு அனுப்பியிருப்பா. என் முந்தானை தானாப் போச்சு. அந்த ஜமாஅத் தலைவரோட பெண்டாட்டி என் கையைப் பிடிச்சா. மரியாதையாத்தான் பிடிச்சா, அவ கண்ணுலயும் தண்ணி. "துடைக்காதீங்க. மறுமை நாள்ல இதோட எழுந்திரிச்சா அவங்களுக்கு அந்தஸ்து"ன்னா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், என் வாயில இருந்துச்சு அந்த வார்த்தை. முழுங்கிட்டேன். முந்தானையை எடுத்துக்கிட்டேன்.

தூக்கறதுக்கு முன்னாடி மச்சான் எழுந்தாரு. மடியில இருந்த சட்டை கீழ விழுந்துச்சு. என் பக்கத்துல வந்து, மத்தவங்களுக்குக் கேட்காத மாதிரி, "குளிப்பாட்டியாச்சாம்மா? நீதானே பண்ணின?"ன்னாரு.

"ஆச்சு மச்சான். நான்தான்"னேன்.

தலையாட்டிட்டு சந்தூக்குக்குப் பின்னால போனாரு.

வீடு காலியாச்சு. பொம்பளைங்களும் சதுக்கத்துப் பக்கம் மாடிகள்ல நின்னு பார்க்கப் போயிட்டாங்க. கூட்டம் அப்படியொரு கூட்டமாம். எல்லா மார்க்கத்துப் பெரியவங்களும் கை கோர்த்து நின்னாங்களாம். பொய் சொல்லக் கூடாது, அன்னிக்கு ஊர்ல அதுக்கு மேல ஒரு கல்லு விழலை, ஒரு உசிர் போகலை. கேட்டதை ஊர் செஞ்சுது. அதை நினைச்சு நான் சந்தோஷப்படணும்னு எனக்கும் தெரியுது. படத்தான் முடியலை.

ராக்கெட் இன்னும் திரைக்குள்ளதான் இருந்தான். இருட்டினதுக்கு அப்புறம் போகலாம்னு நான்தான் நிறுத்தி வெச்சேன். அவன் சட்டையைக் கழட்டச் சொல்லி அண்டாத் தண்ணியில முக்கினேன். அக்காவோட ரத்தம் அவன் சட்டையில இருந்துதான் என் கைக்கு வந்துச்சு. தேய்ச்சேன். பலகையோரமா அவன் வெறும் உடம்போட ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

சதுக்கத்து ஒலிபெருக்கி எங்க பின்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. எங்க தலைவர் பேசினாரு. நல்லாப் பேசுவாரு, அதுல குறை சொல்ல முடியாது. "அந்த ஒரு உயிர் நம்ம எல்லாரையும் ஒண்ணாக்கிடுச்சு"ன்னாரு. கூட்டம் ஆமா ஆமான்னுச்சு. அப்புறம் அவர் குரல் உடைஞ்சுது. "யாருக்கும் பாரமா இருக்காம, அந்த இடத்திலேயே, ஒரு வாய்த் தண்ணிகூடக் கேட்காம போயிட்டாங்களே நம்ம சகோதரி!" ஊரே அழற சத்தம் கேட்டுச்சு.

ராக்கெட் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"கேட்டாங்க சின்னக்கா," அவனுக்கு உதடு கோணிக்கிட்டு வந்துச்சு. "கேட்டாங்க. நான் குடுத்தேன்."

"தெரியும்டா"ன்னேன். "மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்."